வம்பும் வம்பலரும்

மர்பி டவுனில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், புதிதாகக் குடிவந்த இளைஞன் தம்மை ஓயாது வம்புக்கு இழுக்கிறான் என்று ஆங்கிலத்தில் முறையீடு எழுதித் தருமாறு கேட்டார். அலுவலகக் குறிப்புகள் எழுதிப் பழகிய என் பேனா, ‘வம்பு’ என்ற சொல்லில் நின்றுவிட்டது.

‘ப்ரவோக்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், ‘ப்ரோவோகாதோர்’ என்னும் இசுப்பானியச் சொல்லும் ஓர் இலத்தீன் வேரின; ‘வெளியே அழைத்தல்’ என்பது அதன் பொருள். அழைப்பை மறுக்கலாம், இழுப்பை எங்ஙனம் மறுப்பது? நம் சொல்லில் இழுபட்டவன் வலியும் உண்டு.

தொல்காப்பியமோ வம்புக்கு நிலையின்மை என்று பொருள் கூறும். சங்கப் பாடல்கள் புதியவரையும் வழிப்போக்கரையும் ‘வம்பலர்’ என்றன. பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோரும் வம்பலரே. வந்தவன் என்பதாலேயே பகைவன் எனப்படும் துயரை, 1991 டிசம்பர்க் காவிரிக் கலவரத்தில் இந்நகரத் தமிழர் நுகர்ந்தனர்.

அவ்வாறாயின், புதியவனை வம்பன் என்று நாமே எழுதலாமா? தீங்கைப் பொறுத்து வாளாவிருத்தலும் அறமாகாது.

“ஐயா, அவன் செய்தது என்ன?” என்று வினவினேன். அவர் சொன்ன செயல்களை மட்டும் எழுதினேன். செயலுக்கு விடை கேட்கலாம். மனிதனுக்குப் பெயர் சூட்டிவிட்டால், அவன் திருந்தும் வழியை நாமே அடைத்தவராவோம்.