இருபத்துமூன்று கிலோ

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். படிகளை ஒட்டி, வண்டி ஏற்றுவதற்கென்று இரண்டடி அகலத்தில் ஒரு சிமெண்ட் சரிவு. தெரு குறுகல், கொத்தனாருக்கு இழுத்துப் போட இடமில்லை. சரிவு கொஞ்சம் செங்குத்தாகவே அமைந்துவிட்டது. அச்சகத்தைப் பூட்டிவிட்டு இரவு எட்டரை மணிக்கு வந்து, இன்ஜினை அணைத்து, அந்தச் சரிவில் வண்டியைத் தள்ளி ஏற்றி, நடையில் குடங்களுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே திருப்பி, சென்டர் ஸ்டாண்டு போடுவதோடு என் நாள் முடியும். பதினாறு வருடமாக இதுதான் வழக்கம். இதை ஒரு வேலையாக நான் எண்ணியதே இல்லை, போன வருடம் வைகாசியில் வேறு வண்டி தேடத் தொடங்கும்வரை.

பழைய 110 சிசி ஸ்கூட்டருக்குப் பதினைந்து வருடம் முடிந்து, எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பித்து ஒரு வருடம் ஓட்டியும் பார்த்தாயிற்று. இனி செலவு செய்வதில் அர்த்தமில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். புது வண்டிக்குக் கை எட்டவில்லை. செகண்ட் ஹேண்டில் இரண்டு வண்டிகள் மெயின் ரோட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தன. ஒன்று 2022-ஆம் வருட யமஹா ஏராக்ஸ் 155. வைத்திருந்த பையன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். மற்றது 2021-ஆம் வருட சுசுகி ஆக்சஸ் 125. “சிங்கிள் ஓனர், டீச்சர் ஓட்டின வண்டி” என்றார்கள். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதியை டீச்சர்களும் மீதியை டாக்டர்களும்தான் ஓட்டியிருக்கிறார்கள் போலும். விலை வித்தியாசம் நாற்பதாயிரம் சொச்சம்.

என் கண் முதலில் போனது ஏராக்ஸ் பக்கம்தான். ஐம்பத்தேழு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட என்ன இருக்கிறது? அகன்ற டயர், 14 அங்குலச் சக்கரம், பாயத் தயாராக இருக்கும் மிருகம்போல முன்முகம். 15 குதிரைத் திறன். பக்கத்தில் நின்ற ஆக்சஸுக்கு 8.7. என் வாழ்நாளில் எதையும் பெரிசாக வாங்கியதில்லை. வீடு அப்பா கட்டியது, அச்சகத்து மிஷின் மூன்றாம் கை, மகள் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைத்தான் இன்றும் விசேஷத்துக்குக் கட்டுகிறேன். ஒரே ஒரு தடவை பெரியதாக ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றியது.

ஆனால் ‘பெரியது’ என்பது ஊருக்கு ஊர் மாறும். பர்க்மேன் என்ற பெயரில் சுசுகி வெளிநாடுகளில் விற்ற ஸ்கூட்டர்களில் 650 சிசி வண்டியும் ஒன்று. எடை கால் டன்னுக்கும் மேல். அதே பெயர் 2018-இல் இந்தியாவுக்கு வந்தபோது 125 சிசி உடம்பில் வந்தது. வெளிநாட்டில் ஏராக்ஸ் நின்றால் கைக்கடக்கமான வண்டி என்பார்கள். எங்கள் சிவகிரி தேரடியில் நின்றால் நாலு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

பெரியதா சின்னதா என்ற இந்த வழக்கு எனக்கு முந்திய தலைமுறையிலும் நடந்திருக்கிறது. அப்போது பெரிய வண்டி லாம்பிரெட்டா. நீளமான உடம்பு, இன்ஜின் நடுவில். பஜாஜ் வண்டியும் பிறகு வந்த சேத்தக்கும் அதைவிடக் குட்டை. இன்ஜின் வலப்பக்கம் தொங்கும். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் லாம்பிரெட்டாவில் வந்தால் ராஜா வருகிறமாதிரி இருக்கும். அப்பாவுக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் எண்பதுகளில் அவருக்கு வாய்த்தது கைமாறி வந்த ஒரு சேத்தக். புதிதாகப் பதிவுசெய்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. பழைய வண்டியைக்கூட அதிர்ஷ்டம் என்று சொல்லி வாங்கினார்கள். காலையில் அதை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு மூச்சு நிறுத்தி, நிமிர்த்தி உதைப்பார். சாய்த்த வண்டியைத் திரும்ப நிமிர்த்த முடியாமல்போன நாளில்தான் அதை விற்றார். அவருக்கு அப்போது அறுபத்தொன்று. வண்டிக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் தம்பி இரண்டையும் சோதித்துக் காட்டினார். முதலில் இன்ஜின்மேல் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜினின் குறை நமக்குத் தெரியாது. டயர் ஓரத்து நாலு இலக்க எண்ணைப் படித்தார். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பி, கோன் செட் எங்காவது கடிக்கிறதா என்று பார்த்தார். கைப்பிடி ரப்பரையும் கால்மிதி ரப்பரையும் தடவிவிட்டு, “மீட்டரைத் திருப்பிரலாம் அண்ணாச்சி, இத எவனும் மாத்த மாட்டான்” என்றார். ஏராக்ஸில் காட்டிய பதினோராயிரம் கிலோமீட்டர் நிஜம் என்று பட்டது. ஆக்சஸில் பத்தொன்பதாயிரம், பெல்ட் மாற்றும் செலவு பக்கத்தில் நிற்கிறது என்றார். கண்டிஷன் பார்த்தால் பெரிய வண்டிக்கே வெற்றி.

மச்சினன் அன்று கூடவே வந்திருந்தான். அவன் கட்சியும் அதுதான். “அத்தான், வாங்குறது ஒருதடவை. நல்லதா வாங்குங்க. ஆடிக் காத்துல குத்தாலம் போய்ப் பாருங்க, அப்பத் தெரியும் எடையோட அருமை.”

அவன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கிழக்கே உள்ள ஊர்களின் மேல் வெறும் வேகமாக இறக்கும். மாவட்டத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. சிவகிரியிலிருந்து கிளம்பினால் வாசுதேவநல்லூர் வரை காற்று தெரியாது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டைத் தாண்டி, சொக்கம்பட்டி, கடையநல்லூர் என்று தெற்கே போகப்போக அது வலப்பக்கத்திலிருந்து தோளில் கை வைத்துத் தள்ளும். தென்னந்தோப்பு ஓரம் போகும்வரை மறைவு. தோப்பு முடிந்த இடத்தில் ஒரு அறை விழும். எதிரே கல் ஏற்றின டிப்பர் வந்தால் இன்னொரு அறை. இலேசான வண்டி ஒரு முழம் விலகிவிட்டுத் திரும்பும். அகன்ற டயரும் கனமும் உள்ள வண்டி அசைந்து கொடுத்துவிட்டு நேராகப் போகும். பெரிய சக்கரம் பள்ளத்தையும் சின்னதாக்கிவிடும். ஏராக்ஸின் முன் பிரேக்குக்கு ஏபிஎஸ் வேறு. மழை ரோட்டில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது. இதெல்லாம் பெருமைக்குச் சொல்கிற காரணங்களா? உயிர் சம்பந்தப்பட்டவை.

இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெட்ரோல் போட்டால் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு; தொழிலில் ஒட்டிக்கொண்டது. அந்த நோட்டை எடுத்து, முந்தின ஒரு வருடத்தில் வண்டி எங்கெங்கே போயிற்று என்று பார்த்தேன். குற்றாலம் இரண்டு தடவை. அதில் ஒன்று துஷ்டி வீட்டுக்குப் போன வழியில். ராஜபாளையத்துக்குப் பேப்பர் வாங்க மாதம் இரண்டு, மூன்று தடவை. ஆஸ்பத்திரிக்கு நாலு. தென்மலைக்குக் கொழுந்தியாள் வீட்டுக்கு இரண்டு. மற்றதெல்லாம் வீடு, அச்சகம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, திரும்ப வீடு. நாளுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர், அதில் நாற்பதைத் தாண்டிய வேகம் அபூர்வம். குற்றாலத்துக்காக வண்டி தேடிக்கொண்டிருக்கிறேன், ஓட்டுவதோ ரேஷன் கடைக்கு.

ஆனாலும் நோட்டு சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. சின்ன வண்டி இருந்ததால்தான் இரண்டு தடவை போனேனோ? பெரிய வண்டி இருந்தால் மாதம் ஒருதடவை மேகமலைப் பக்கமோ கேரளத்துத் தென்மலை டேமுக்கோ கிளம்பியிருப்பேனோ? பொருள் வந்தபின் பழக்கம் வருவதும் உண்டு. அதே வீட்டில் பரண்மேல் ஒரு ஆர்மோனியப் பெட்டியும் இருக்கிறது. வாங்கினால் படித்துவிடுவேன் என்றுதான் அதையும் வாங்கினேன்.

மறுநாள் இரண்டு வண்டிகளின் எடையைப் பார்த்தேன். ஏராக்ஸ் 126 கிலோ, ஆக்சஸ் 103. வித்தியாசம் 23. அந்த எண்ணை எங்கோ பார்த்தமாதிரி இருந்தது. நடையில் இருந்த அரிசி மூட்டை கண்ணில் பட்டது. அது இருபத்தைந்து கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை அரிசி. ஆக்சஸில் கால் வைக்கிற இடம் சமதளம். மூட்டையையோ பேப்பர் ரீமையோ அதில் நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு வந்து இறக்கிவிடலாம். ஏராக்ஸில் அந்த இடத்தின் நடுவே முதுகெலும்புபோல ஒரு மேடு ஓடுகிறது. பெட்ரோல் போடும் மூடியும் அதில்தான். மூட்டை நிற்காது. அதாவது அரிசியை ஏற்ற முடியாத வண்டி, ஒரு மூட்டை அரிசியின் கனத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. அதை எந்த வீட்டு வாசலிலும் இறக்கிவைக்க முடியாது. ஓடும்போது அந்தக் கனம் நம்மைத் தாங்கும். நின்றுவிட்டால் நாம் தாங்க வேண்டும்.

யோசித்தால் ஸ்கூட்டரோடு நமக்கு இருக்கிற உறவில் பாதி, அது ஓடாதபோது நடப்பதுதான். பஸ் ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்திய வண்டியைப் பின்னால் இழுப்பது, கோயில் வாசல் மணலில் திருப்புவது, பஞ்சர் கடைக்குத் தள்ளுவது. கம்பெனி விளம்பரத்தில் யாரும் வண்டியைத் தள்ளிப் பார்த்ததில்லை. டெஸ்ட் டிரைவ் என்று ஓட்டித்தான் காட்டுகிறார்கள்.

அன்று சாயங்காலம் ஏராக்ஸை வீடுவரை கொண்டுவந்து பார்க்கலாமா என்று கேட்டேன். மச்சினன்தான் ஓட்டி வந்தான், நான் பின்னால். தெரு நுழையும்போதே பிள்ளைகள் ஓடிவந்தார்கள். என் வீட்டுக்காரி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். “சேல கட்டிக்கிட்டு ஒருக்களிச்சு உக்காரணும்னா, ஏணி ஒண்ணு வாங்கிருங்க” என்றாள். அதைக்கூடச் சமாளிக்கலாம், அவள் வண்டியில் வருவதே வாரம் ஒருதடவை. இன்ஜினை அணைத்துவிட்டுச் சரிவில் தள்ளினேன். பாதிவரை ஏறியது. பாதியில் என் செருப்பு வழுக்கியது, வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது தோளில் ஏதோ சுருக்கென்றது. மச்சினன் ஓடிவந்து பின்னால் கைகொடுத்தான், ஒரே தள்ளில் உள்ளே போயிற்று.

“பாத்தீங்களா, ஈசியா ஏறுது” என்றான்.

“நாளைக்கு ராத்திரி எட்டரைக்கு வருவியா?” என்றேன்.

இன்ஜினைப் போட்டு, அதன் சக்தியிலேயே நடந்தபடி ஏற்றலாமே என்று இன்னொருவர் யோசனை சொன்னார். ஏற்றலாம். ஆக்சிலரேட்டர் கையில் ஒரு நூல் கூடினால் தையல் மிஷினில்தான் போய் நிற்கும். அப்பா தன் சேத்தக்கைச் சாய்த்துக்கொண்டு நிமிர்த்த முடியாமல் நின்ற காலை அப்போது நினைவுக்கு வந்தது. அவர் அப்போது எங்களைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று அன்று சரிவின் பாதியில் நின்றபோது எனக்குப் புரிந்தது.

மற்றக் காரணங்கள் அதன்பின் தாமாக வந்து சேர்ந்தன. 150 சிசியைத் தாண்டினால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேறு படி: 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 வரை வருடத்துக்கு 714 ரூபாய், அதற்கு மேல் 350 வரை 1,366. ஏராக்ஸ் தண்ணீரால் குளிரும் இன்ஜின், கூலண்ட் பார்க்க வேண்டும். கிக்கர் கிடையாது, பேட்டரி இறங்கினால் நிற்க வேண்டியதுதான். ஆக்சஸுக்கு ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சாமான் கிடைக்கும். இவற்றை நான் எல்லோரிடமும் காரணமாகச் சொன்னேன். உண்மையில் முடிவு சரிவிலேயே ஆகிவிட்டிருந்தது. இன்சூரன்ஸ் அறுநூற்றைம்பது ரூபாய்க்காக யாரும் ஆசையை விடுவதில்லை.

டீச்சர் வண்டியை வாங்கினேன். படிவம் 29, 30 எழுதி, பெயர் மாற்றி, இன்சூரன்ஸையும் என் பெயருக்குக் கொண்டுவந்தேன். பேரம் பேசி இரண்டாயிரம் குறைத்தேன் என்ற பெருமை நாலு மாதம்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கி, பழைய வண்டிக்கு இருந்த மதிப்பையும் கூடவே இறக்கிவிட்டது.

அந்த ஆடியிலேயே ஒருநாள் குற்றாலம் கிளம்பினேன், தனியாக. மச்சினன் சொன்னது அத்தனையும் சரி. கடையநல்லூர் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. நாற்பதில் போனாலும் வண்டி கோடு போட மறுத்தது. ஒரு டிப்பர் கடந்தபோது மண் ஓரத்துக்கே இறங்கிவிட்டேன். நெஞ்சு படபடத்தது. பின்னால் வந்த பையன் ஒருவன் அகன்ற டயர் வண்டியில், காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாதவன்போலக் கடந்து போனான். கறுப்பு நிறம். அதே வண்டியாகக்கூட இருக்கலாம். நம்பரைப் பார்ப்பதற்குள் போய்விட்டான்.

இடைகால் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கி, வண்டியைக் காற்றுக்கு மறைவாகச் சுவரோரம் நிறுத்தினேன். ஒரு கையால் சீட்டுக்குப் பின்னால் பிடித்து இழுத்ததும் ஸ்டாண்டு ஏறிவிட்டது. டீ குடித்தேன். காற்று இறங்குகிற மாதிரி இல்லை. இன்னொரு டீ சொன்னேன். அரைமணி கழித்து, சாரல் நனைத்திருந்த சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு, முப்பதில் கிளம்பினேன்.