படிக்கட்டும் மணற்கரையும்

அசாமில் குவாஹாட்டிக்கு அருகே ஹாஜோ என்னும் ஊரில் ஹயக்ரீவ மாதவர் கோயில் இருக்கிறது. அதன் குளத்து ஆமைகளைத் திருமாலின் கூர்ம வடிவமாகப் பார்ப்பதால் யாரும் அவற்றைப் பிடிப்பதில்லை. வங்கதேசத்தின் சிட்டகாங்கில், பாயசீத் பிஸ்தாமி பெயரிலான தர்காவின் குளத்திலும் இதே மரியாதை உண்டு, கதைதான் வேறு. அந்த மகான் தீய ஆவிகளை ஆமைகளாக மாற்றிவிட்டார் என்பது அங்குள்ள ஐதிகம். இரண்டு குளங்களிலும் வாழும் கறுப்பு மென்னோட்டு ஆமை இயற்கையில் அற்றுப்போய்விட்டது என்று 2002இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. பிற்பாடு பிரம்மபுத்திரா வடிநிலத்தில் அவை தென்பட்டன. என்றாலும் அந்த இனம் பிழைத்ததில் பக்திக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. அதே பக்திதான் அசாமின் கோயில் குளங்கள் பலவற்றின் கரைகளைக் கான்கிரீட்டால் பூசிப் படிக்கட்டும் அமைத்தது. பெண் ஆமை கரையேறி மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். தோண்ட மண்ணே இல்லாத குளத்தில் ரொட்டியும் பிஸ்கட்டும் எவ்வளவு விழுந்து என்ன? சீவகாருண்யத்தைக் கொடுப்பவரின் மனத்தில் உள்ள ஈரத்தை வைத்து அளப்பதா, பெறும் உயிரின் உடம்பில் நடப்பதை வைத்து அளப்பதா? உடம்பை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் கட்சி. இதற்குச் சான்று தேடி நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை; தோட்டத்து மூலையில் ஆமைக்கென்று ஓர் அடைப்பைத் தன் கையால் கட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறவரின் வேலையைக் கவனித்தால் போதும்.

ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலுக்கு நகர்ந்து சூடேற்றிக்கொள்ளும். மிஞ்சினால் நிழலுக்கோ நீருக்கோ போகும். தின்றது செரிப்பதும் நோயை எதிர்ப்பதும் இந்த நடமாட்டத்தைப் பொறுத்தவை. ஆகவே முழு வெயிலில் வைத்த தொட்டியும் சரி, முழு நிழலில் வைத்த தொட்டியும் சரி, ஆமைக்குத் தண்டனைதான். கண்ணாடிக்குப் பின்னால் கிடைக்கும் வெயிலும் உதவாது. உடம்பில் வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும், நாளடைவில் ஓடு இளகும். இதையெல்லாம் அறிந்தவர் செய்யும் திருத்தங்கள் பார்வைக்கு அற்பமானவை. வெயில் விழும் இடத்தில் ஒரு தட்டைக் கல், எதிர் மூலையில் கவிழ்த்த பாதிப் பானை, தண்ணீரிலிருந்து வழுக்காமல் ஏறிவர ஒரு சரிவு. கம்பி வலைக்கு அப்பால் வெளி தெரிந்தால் ஆமை அதையே முட்டிக்கொண்டு ஓரமாக நடக்கும் என்பதால், அடிப்பகுதியைப் பலகையாலோ செங்கல்லாலோ மறைப்பார். தோண்டி வெளியேறாதிருக்க மண்ணுக்குள்ளும் சுவரை இறக்குவார். காக்கைக்கும் கீரிக்கும் பயந்து மேலே வலை போடுவார். இவற்றில் பெரியது மணல் திட்டு. முட்டையிட இடம் வாய்க்காத பெண் ஆமை முட்டைகளை வயிற்றிலேயே தேக்கிக்கொண்டு செத்துப்போகவும் கூடும். பல இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே முட்டை கிடக்கும் மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. திட்டின் மேல் நிழல் விழ நட்ட ஒரு செடி அடுத்த தலைமுறையின் கணக்கையே மாற்றிவிடலாம். தீனி போடும்போது எப்போது, எவ்வளவு என்று முடிவெடுப்பவர் நாம். கல்லும் சரிவும் மணலும் அமைத்துவிட்டால் முடிவெடுப்பது ஆமை. இந்த அதிகார மாற்றத்தைத்தான் நான் கருணையின் முதிர்ந்த வடிவம் என்கிறேன்.

இதற்கு மறுப்பு இரண்டு திசைகளிலிருந்து வரும். பசி தீர்ப்பதைத்தானே வள்ளலார் சீவகாருண்யத்தின் உயிர்நிலையாக வைத்தார் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் குளிர்ந்துபோன ஆமையின் வயிற்றில் உணவு செரிக்காமல் கிடக்கும். அதற்கு வெயில் படும் கல்லும் உணவின் ஒரு பகுதியே. இன்னொருவர் பௌத்தத்தைக் காட்டி, எண்ணமே வினை, நல்ல நோக்கத்தோடு போட்ட ரொட்டியில் பாவம் ஏது என்பார். இது வலுவான வாதம். ஆனால் சமணம் இதே இடத்தில் ஒரு படி மேலே போகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்குச் சொல்லும் இலக்கணத்தில் கவனமின்மையும் ஒரு கூறு. நடக்கும்முன் தரையைப் பார், நீரை வடிகட்டிக் குடி என்று துறவிக்கு விதித்த ஒழுக்கங்கள் அங்கிருந்தே பொருள் பெறுகின்றன. எதிரில் இருக்கும் உயிர் எப்படிப்பட்டது என்று பார்க்கவே மறுக்கும் எண்ணத்தை நல்லெண்ணம் என்று எப்படிச் சொல்வது? ஆமையைப் பார்ப்பதில் நமக்கு ஒரு பழைய தடையும் உண்டு. நூல்களில் அது புலனடக்கத்துக்கு உவமை, பழமொழியில் அமீனாவோடு சேர்ந்து வீட்டைக் கெடுக்க வருவது. இரண்டிலும் ஆமை இல்லை, நாம்தான் இருக்கிறோம்.

இவற்றைவிடக் கடினமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. சிறையை வசதியாக்குவது சிறைக்கு நியாயம் கற்பிப்பதாகாதா? புதிதாக ஓர் ஆமையைப் பிடித்துவரவோ வாங்கவோ நினைப்பவரிடம் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்க முடியாது. நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்கு அடைப்பைத் திருத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. ஆனால் ஏற்கெனவே தொட்டியில் வளர்ந்துவிட்ட வெளிநாட்டுச் சிவப்புக்காது ஆமையை என்ன செய்வது? ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர் பலர். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. உள்ளூர் ஆமைகளின் வெயில் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும், நோயையும் கொண்டுசேர்க்கலாம். ஓர் உயிருக்கு விடுதலை என்று நாம் எண்ணிச் செய்வது ஒரு நீர்நிலைக்கே தீங்காகிவிடும். அதனால் அந்த ஆமைக்கு மட்டும், அது இருக்கும் காலம் வரைக்கும், நல்ல அடைப்பு கட்டித் தருவது கடமையாகிறது; துணைக்கென்று இன்னொன்றை வாங்காமலிருப்பதும், முட்டையிட்டால் அவற்றைப் பொரிக்க விடாமலிருப்பதும் அதே கடமையில் அடங்கும். அந்த இனம் முப்பது ஆண்டுகள் வரைகூட வாழும். ஆகவே பலகையைவிடச் செங்கல் மேல். தமக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சுவர் எழுப்பும்போதே வீட்டாரிடம் பேசி வைத்துவிட வேண்டும்.