மேலிருந்து நீளும் கை

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக்க 2002 செப்டம்பரில் இந்தியத் தொல்லியல் துறை அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டது. அப்போது பண்பாட்டுத் துறை மத்திய அமைச்சர் ஜக்மோகன் பொறுப்பில் இருந்தது. ஊர் கொந்தளித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது, 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் மத்தியில் ஆட்சி மாறியதும் அதே ஆண்டில் அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. மாநில உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று இதை எழுதி மூடிவிடலாம். ஆனால் சட்டப்படி பார்த்தால் டெல்லி தன் எல்லையைத் தாண்டவில்லை. எந்தப் பழஞ்சின்னம் தேசிய முக்கியத்துவம் உடையது என்பதை நாடாளுமன்றச் சட்டம் தீர்மானிக்கும் என்கிறது அரசமைப்பில் உள்ள ஒன்றியப் பட்டியலின் 67ஆம் இனம். அதில் சேராத மிச்சம்தான் மாநிலப் பட்டியலின் 12ஆம் இனத்தில் இருக்கிறது. வரப்பை எங்கே போடுவது என்ற முடிவே பங்காளிகளில் ஒருவர் கையில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் சட்டம் ஆட்சேபம் சொல்ல 2 மாத அவகாசம் தருகிறது, உண்மைதான். அந்த ஆட்சேபத்தை எடைபோடுவதும் அறிவிக்கை விடுத்த அதே மத்திய அரசுதான். ஆகவே 2002இல் எழுந்த கேள்வி சட்டக் கேள்வி அல்ல. அதிகாரம் இருக்கிறது என்பதற்காக ஒரு மேல் அமைப்பு கீழே கை நீட்டலாமா என்ற அறக் கேள்வி.

நீண்ட கை எதைத் தொட்டிருக்கும் என்று பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர்வரை கட்டுப்பாடு என்று 1992 முதலே விதி இருந்தது. திருவண்ணாமலையில் அந்தத் தூரத்துக்குள் அடங்குவது வெறும் கல் மண்டபங்கள் அல்ல. மாடவீதியின் வீடுகளும், பூக்கடையும் பாத்திரக்கடையும், சத்திரமும் லாட்ஜும்தான். ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி எழுப்ப நினைப்பவர் தொல்லியல் துறையின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும். இன்னொன்று, கார்த்திகை தீபம். கொப்பரையும் நெய்யும் காடாத்துணித் திரியும் மலை உச்சிக்குப் போவதும், அங்கே பர்வதராஜ குலத்தினர் தீபம் ஏற்றுவதும் மரபுரிமை. அது ஒன்றியப் பட்டியலிலும் இல்லை, மாநிலப் பட்டியலிலும் இல்லை. இப்படிப்பட்ட உரிமைகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் தூரத்து ஆணை ஒன்று, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமலே, ஆயிரம் முடிச்சுகளை அறுத்துவிடும்.

தொல்லியல் துறை கோயிலை நன்றாகப் பராமரித்திருக்குமே என்பது முதல் ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சிற்பங்களை மழுங்கடித்ததும், கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசியதும் தமிழகக் கோயில்களில் நடந்திருக்கின்றன. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் காப்பது பற்றி 75 உத்தரவுகள் போட நேர்ந்தது சும்மா அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அங்கே பூசையும் நின்றுபோகவில்லை. ஆனாலும் திறமை ஒன்றே அதிகாரத்துக்கான தகுதி ஆகாது. ஆகும் என்றால் நன்றாக ஆளத் தெரிந்த எந்த அந்நியனையும் நாம் வெளியேறச் சொல்லியிருக்க முடியாது. கல்லைக் காக்கத் தெரிந்தவர்களின் யோசனையைக் கேட்கலாம், அவர்கள் வகுக்கும் நெறிமுறைக்குக் கட்டுப்படலாம். அதற்காகச் சாவியையே கொடுத்துவிட வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது; அதற்கான சான்றும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் பல தலைமுறைகளாக நுழைய முடியவில்லை. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் துணை நிற்க அவர்கள் உள்ளே போய் வழிபட்டார்கள். ஊரின் வழக்கத்தை ஊரே முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தால் கதவு இன்றும் மூடித்தான் இருந்திருக்கும். அருகில் இருப்பவர் நியாயமாகவும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் ‘மாநில உரிமை’ என்ற கொடியை நிறவெறியர்கள் எவ்வளவு காலம் தூக்கிப் பிடித்தார்கள்! 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் 9 கறுப்பின மாணவர்கள் நுழைய அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களை மறித்தவர் அந்த மாநில ஆளுநரேதான். இதை மறந்துவிட்டு மாநில சுயாட்சி பேசுபவர் பாதி உண்மைதான் பேசுகிறார்.

அருணாசலேஸ்வரர் கோயிலையும் தென்முடியனூரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது. தென்முடியனூரில் மேலிருந்து வந்த கை ஒரு மனிதனுக்கு மறுக்கப்பட்டதை அவனிடம் கொடுத்துவிட்டு விலகியது. 2002இல் வந்த கை, உங்களைவிட நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி நிர்வாகத்தையே எடுத்துக்கொள்ளப் பார்த்தது. முன்னதற்கு நியாயம் உண்டு, கடமையும்கூட. பின்னதற்கு எத்தனை சட்டப் பிரிவுகளைக் காட்டினாலும் ஊரின் சம்மதம் இல்லாமல் நியாயம் வராது. எல்லா வழக்கையும் இந்த அளவுகோல் தீர்த்துவிடாது. உரிமைக் காப்பு என்ற பெயரில் நிர்வாகத்தைப் பிடுங்கும் தந்திரமும் உண்டு. மாநில அரசுகளைக் கலைக்க 356ஆம் பிரிவைக் கையாண்ட வரலாறே அதற்குச் சாட்சி.

இந்த அளவுகோலைச் சென்னைக் கோட்டையின் மேலும் வைத்தாக வேண்டும். மாநில சுயாட்சிக்காக இவ்வளவு நெடுங்காலம் வாதாடிய சட்டமன்றங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. 1969இல் ராஜமன்னார் குழு, 1974 ஏப்ரலில் சுயாட்சித் தீர்மானம், 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் உயர்நிலைக் குழு அறிவிப்பு. 2024 டிசம்பர் 9 அன்று மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெருமைப்பட வேண்டிய நிகழ்வு. ஆனால் அதற்குச் சுமார் ஓராண்டு முன்பு, செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே அரசு பின்வாங்கியது. அரிட்டாபட்டிக்காரரின் சம்மதம் டெல்லிக்குத் தேவை என்றால், மேல்மாக்காரரின் சம்மதம் சென்னைக்குத் தேவையில்லாமல் போவது எப்படி?

உள்ளாட்சியின் கதை இன்னும் மோசம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட 5 ஆண்டுகளுக்கு மேல் நகரங்களைத் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள். மூன்று மாதம் கழித்து அதே அரசுதான் மாநில உரிமைகளை மீட்கக் குழு அமைத்தது. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, நீதிமன்ற வழக்கு என்று ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. சில நியாயமான காரணங்களே. டெல்லியும் தன் ஒவ்வொரு தலையீட்டுக்கும் இப்படித்தான் ஒரு காரணம் வைத்திருக்கிறது.

முதலில் டெல்லி நிதியையும் அதிகாரத்தையும் தரட்டும், பிறகு நாங்கள் கீழே தருகிறோம் என்பது கடைசி ஆட்சேபம். நிதியைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜிஎஸ்டிக்குப் பிறகு மாநிலங்களின் வரி விதிக்கும் சுதந்திரம் சுருங்கியது உண்மை. ஆனால் ஊராட்சித் தேர்தலை உரிய நாளில் நடத்தவும், கிராமசபையின் மறுப்பை மதிக்கவும் டெல்லியிடமிருந்து எந்த அதிகாரமும் வந்து சேர வேண்டியதில்லை. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 5ஆம் இனமாக உள்ளாட்சி 1950 முதலே சட்டமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.