வென்றவரின் விஷாதம்

தோற்றவன் துயருற்றால் உலகம் அதை எளிதில் விளங்கிக்கொள்ளும். வென்றவன் துயருற்றால், இவனுக்கு என்ன குறை என்று கேட்டு அப்பால் போய்விடும். கல்வியிலும் பதவியிலும் குறைவற்று விளங்கும் ஒருவர், இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டு, விடிந்ததும் முகம் கழுவி, நீறணிந்து, அலுவலகம் சென்று, பிழையொன்றுமின்றித் தம் கடமையை முடித்துத் திரும்புவாரானால், அவருள்ளே வேதனை குடிகொண்டிருப்பதை அண்டை அயலாரும் அறியார்; பல சமயங்களில் மனைவி மக்களும் அறியார். இத்தகைய துக்கம் ஆத்ம பலவீனமா, அதைப் பிறரிடம் சொல்லிப் பரிகாரம் தேடுவது தெய்வ நம்பிக்கைக்கு இழுக்கா என்ற ஐயம் பக்தியுள்ள குடும்பங்களில் இன்றும் எழுகின்றது.

வடமொழியில் யோக வாசிஷ்டம் என்றும், வீரை ஆளவந்தார் தமிழில் பாடிய வடிவில் ஞானவாசிட்டம் என்றும் வழங்கும் நூல், இப்படிப்பட்ட ஒரு துக்கத்திலிருந்தே பிறக்கின்றது. பதினாறு வயது நிரம்பாத இராமன், வித்தைகளையெல்லாம் கற்றுத் தீர்த்த யாத்திரையும் முடித்து அயோத்தி திரும்பிய பின்னர், உடல் மெலிந்து, உணவில் விருப்பற்று, கன்னத்தைக் கையில் தாங்கியவாறு பேச்சின்றி அமர்ந்துவிடுகிறான். பரிவாரத்தார் மன்றாடிய பிறகே அன்றாடக் கருமங்களையும் செய்கிறான். தசரதன் மடியில் இருத்திக் காரணம் கேட்டபோதும், ‘ஒன்றுமில்லை’ என்பதே மகனுடைய விடை. விசுவாமித்திரர் வந்து, அவனைச் சபைக்கு வரவழைத்து, உள்ளத்தில் இருப்பதைச் சொல் என்று கேட்ட பிறகுதான், செல்வம், ஆயுள், அகங்காரம், ஆசை, இளமை ஆகிய எல்லாவற்றின்மீதும் அவனுக்கு ஏற்பட்டிருந்த விரக்தி வெள்ளமெனப் பெருகி வருகின்றது. அதைக் கேட்டபின், அரசகுமாரனுக்கு இது தகுமா என்று அங்கே ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. முழுவதும் கேட்ட பின்னரே வசிஷ்டர் உபதேசம் தொடங்குகிறார். அவருடைய விடையும் ஒரே வாக்கியத்தில் முடியாமல், கதைமேல் கதையாகப் பல நாள் நீள்கின்றது.

கேட்பதற்கு ஆளில்லாத துக்கம் எப்படியிருக்கும் என்பதை ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சரித்திரத்தில் காண்கிறோம். மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் தந்தையாரால் கற்பிக்கப்பெற்ற அவர், 1826ஆம் ஆண்டில், இருபதாம் வயதில், தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிட்டால் தமக்கு ஆனந்தம் உண்டாகுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். உண்டாகாது என்று உள்ளம் விடையளித்தது. அதன்பின் மாதக்கணக்காக அவர் வழக்கமான வேலைகளை இயந்திரம்போல் செய்துவந்தார்; விவாத சங்கத்தில் சொற்பொழிவும் ஆற்றினார். தந்தையிடம் சொல்ல மனம் துணியவில்லை. சொல்லத்தக்க நண்பரும் இல்லை. ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் தம் தந்தையின் மரணத்தைப் பற்றி எழுதிய பகுதியைப் படித்துக் கண்ணீர் விட்ட நாளில்தான், உணர்ச்சி தம்முள் மாண்டுபோகவில்லை என்று தெளிந்தார். 1873இல் வெளியான சுயசரிதையே இவ்வளவையும் உலகுக்கு அறிவித்தது.

இத்துயரின் வேர், செய்யும் காரியமே தான் என்று ஒருவன் எண்ணிவிடுவதில் இருக்கிறது. வெற்றியால் மட்டுமே அன்புக்கு உரியவனாவேன் என்று இளமையில் கற்றுக்கொண்ட மனம், ஒவ்வொரு பரிசையும் அடுத்த பரீட்சையின் அறிவிப்பாகவே கொள்கின்றது. ‘இப்படி இருந்தே தீரவேண்டும்’ என்று மனிதன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் கட்டளைகளின் கொடுங்கோன்மையைக் கேரன் ஹார்னி என்ற மனநல மருத்துவர் 1950இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். 1960களில் ஆரன் பெக் வகுத்த சிகிச்சை முறையோ, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்று தானாக எழும் எண்ணத்தை அப்படியே நம்பிவிடாமல், அதற்குச் சான்று என்ன, வேறு விளக்கம் உண்டா என்று நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து விசாரிக்கப் பழக்குகின்றது.

விசாரம் நமக்குப் புதியதன்று. மன அடக்கமாகிய சமம், விசாரம், சந்தோஷம், சாதுசங்கம் என்னும் நால்வரை மோட்ச வாயிலின் காவலராக வசிஷ்டர் கூறுகிறார். சிகிச்சையாளர் குருவல்லர், அவர் முக்தியை வாக்களிப்பதும் இல்லை. உறக்கமும் பசியும் உறவும் மீளவேண்டும் என்ற அடக்கமான நோக்கமே அவருடையது. ஆயினும், தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதாலும், கேட்டதை ரகசியமாகக் காப்பதாலும், தந்தையிடம் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அவர் ஓர் இடம் தருகிறார். பிரார்த்தனை செய்பவர் அவரிடம் செல்வதால் பிரார்த்தனை சிறுமையுறாது.

எல்லாம் விதி என்று சோர்ந்திருப்பதை வசிஷ்டர் ஏற்கவில்லை. புருஷப் பிரயத்தனத்தையே, அதாவது மனித முயற்சியையே, வலியுறுத்துகிறார். எத்தனையோ காரியங்களை முயன்று முடித்தவர்கள், தம் துயரத்தைத் தகுந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதையும் அந்த முயற்சிகளுள் ஒன்றாகக் கொள்வார்களாக. வீட்டிலுள்ளோரும், அவர்கள் சொல்லத் தொடங்கும்போது புத்திமதியை நிறுத்திவைத்து, முழுவதும் கேட்பார்களாக.