கூலியில் ஒரு பங்கு குடிவகையா?

அப்பிள் பழச் சாற்றைப் புளிக்கவிட்டுப் பெறும் பானத்துக்குச் 'சைடர்' என்று பெயர். காய்ச்சி வடிப்பதில்லை, சாறு தானாகவே நொதித்துவிடும். கள்ளின் இயல்பை அறிந்த வாசகருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பெயர் வேதாகமத்தின் வழியாக வந்தது என்பதே பலர் அறியாதது. ஸ்நாபக அருளப்பர் திராட்சை இரசமோ மதுவோ அருந்தமாட்டார் என்று சக்கரியாசுக்கு வானதூதர் அறிவித்தாரல்லவா (லூக். 1:15)? அவ்விடத்தில் இலத்தீன் வேதாகமத்தில் உள்ள சொல் 'சிசேரா'. தானியம், அப்பிள், தேன், பேரீச்சம்பழம் எதிலிருந்து ஆக்கப்பட்டாலும் வெறியூட்டும் பானம் யாவும் சிசேராவே என்று புனித எரோணிமுஸ் விளக்கியிருக்கிறார். அச்சொல் பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்து சேர்ந்து, நாளடைவில் அப்பிள் பானத்துக்கே உரியதாயிற்று.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில், டெவன், சொமசெற் முதலிய மாவட்டங்களில், கமக்காரர் தம் கூலியாட்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்து கொடுத்துவந்தனர். சாதாரண நாட்களில் மூன்று நான்கு பைந்து. அறுவடைக் காலத்தில் அதனிலும் அதிகம். ஆள் தன் சிறிய மரப் பீப்பாவை நிரப்பிக்கொண்டு வயலுக்குப் போவான்.

இதில் அநீதி எங்கே என்று கேட்கலாம். எசமானிடம் அப்பிள் மிகுதி. ஆளுக்குத் தாகம் மிகுதி. இருவரும் மனம் ஒப்பிய காரியம். குடிப்பவனே விரும்பி வாங்கும்போது குறைசொல்ல நாம் யார்?

வாசகரே, சம்பளம் வாங்குகிறவன் ஒருவன். அதை உண்பவர் பலர். காசானால் வீட்டுக்குப் போகும். பாணாகும், பிள்ளையின் சட்டையாகும். வயலிலே குடித்து முடித்த சைடரில் மனைவிக்கு என்ன பங்கு? அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. குடியாத ஆளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். சைடருக்கு ஈடான காசை அவன் கேட்டால், 'அது நான் அன்பாகத் தருவது' என்று எசமான் சொல்லிவிடலாம். வேலைக்கு அமர்த்தும்போது மட்டும் அதே சைடர் சம்பளக் கணக்கில் நிற்கும். ஒரே பொருள் கொடையாகவும் கடனாகவும் இருக்க முடியுமா?

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் நிருபத்தில், இருவர் உடன்பட்டதனால் மட்டும் கூலி நீதியானதாகிவிடாது என்று கற்பித்தார். உடன்படிக்கைக்கு மேலே இயற்கை நீதி ஒன்று உண்டு என்பது அவர் போதனை. இவ்விடயத்தில் ஆங்கிலச் சட்டம் நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூலியைக் காசாகவே கொடுக்கவேண்டும் என்ற 1831ஆம் ஆண்டுச் சட்டம் கமத்தொழிலாளரைக் கைவிட்டிருந்தது. 1887இல் வந்த திருத்தம், அவர்களுக்கு உணவும் குடியிருப்பும் சம்பளத்தின் பகுதியாகலாம், மதுபானம் ஆகாது என்று விதித்தது. வழக்கம் அன்றே ஒழிந்துவிடவில்லை என்பது வேறு கதை.

டெவனில் இன்னொரு கொடுமையும் இருந்தது. சைடர் குடித்தவர்கள் கடும் வயிற்றுவலியாலும் கைகால் வழங்காமலும் வருந்தினர். அச்சாற்றில் ஈயம் கலந்திருப்பதை 1767இல் ஜோர்ச் பேக்கர் என்ற வைத்தியர் பரிசோதித்துக் காட்டினார். பழம் பிழியும் கல் ஆலைகளின் பொருத்துகளில் ஈயம் வார்த்திருந்தார்கள். சைடர் ஆக்குவோர் அவர்மீது சினந்தனர்.

ஆயினும் சைடரை வெறுத்து இதை எழுதவில்லை. அதே நாட்டில், மூவிராசாக்கள் திருநாளையொட்டி, ஊரார் இரவில் அப்பிள் தோட்டத்துக்குப் போவார்கள். சைடரில் தோய்த்த பாண் துண்டைக் குருவிகளுக்கென்று கிளையில் வைத்து, வேரில் ஒரு குவளை ஊற்றி, துவக்கு வெடித்துப் பாடி, மீதியைக் கூடிநின்று பருகுவார்கள். சொமசெற்றிலுள்ள கார்கம்ரன் கிராமத்தில் பழைய பஞ்சாங்கக் கணக்குப்படி சனவரி 17இல் இவ்வழக்கம் நிலைத்துவந்திருக்கிறது.