ஒட்டிப் பிறந்த இரண்டு உயிர்கள்: ஒரு தகப்பனின் மூன்று கேள்விகள்

 

நவம்பர் 24 ஒட்டிப் பிறந்த இரட்டையர் தினம் என்று ஐ.நா. சபை 2024-ல் அறிவித்தது. நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் மனைவியை தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இரட்டைக் குழந்தை, ஆனால் உடல் ஒட்டியிருக்கிறது" என்கிறார் டாக்டர். அன்று அஸருக்குப் பள்ளிவாசலுக்கு வந்து அவர் மூன்று கேள்விகள் கேட்கிறார். "ஹஜ்ரத், இது என் பாவத்துக்குத் தண்டனையா? ஆபரேஷன் செய்து பிரிக்கலாமா? பிரிக்கும்போது ஒரு பிள்ளை மவுத்தாகிவிட்டால் நான் கொலைகாரனா?" என்ன பதில் சொல்வீர்கள்?

முதல் கேள்வி. நம் ஊரில் உடனே சொல்வார்கள்: "கிரகணத்தில் அந்தப் பெண் வெளியே போயிருப்பாள்." சகோதரர்களே, நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் வருவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். கருவறையில் தான் நாடியபடி உருவம் தருபவன் அல்லாஹ். ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவு சுமார் இரண்டு வாரம் தாமதமாகி முழுமையடையாமல் நின்றால், உடல்கள் ஒட்டிக்கொள்கின்றன என்பது மருத்துவர்கள் பரவலாகத் தரும் விளக்கம். அதனால்தான் ஒட்டிப் பிறப்பவர்கள் இருவரும் ஆணாகவோ இருவரும் பெண்ணாகவோ இருக்கிறார்கள். தாயின் குற்றம் இதில் எங்கே இருக்கிறது? இது சோதனை. பழி சொல்லும் நாவுக்குத்தான் மறுமையில் கேள்வி இருக்கிறது.

இரண்டாவது கேள்வி. தலையில் காயம்பட்ட ஒரு தோழருக்குக் குளிப்புக் கடமையானது. விவரம் தெரியாதவர்கள் குளித்தே ஆக வேண்டும் என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதே என்று கற்பித்தார்கள். அபூதாவூதில் இந்தச் செய்தி இருக்கிறது. ஆகவே நாமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மருத்துவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? இதயம் ஒன்றா, இரண்டா? கல்லீரலைப் பங்கிட முடியுமா? ரத்தக் குழாய் யாருடையது? நாற்றங்காலில் நாற்றுப் பறித்தவர்களுக்கு இது புரியும். வேர்கள் பின்னிக் கிடக்கும். தண்ணீர் கட்டி, சேற்றை அலசி, பார்த்துப் பிரித்தால் பயிர் பிழைக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும்.

2013 டிசம்பரில் தான்சானியாவிலிருந்து வந்த ஒட்டிப் பிறந்த ஆண் குழந்தைகளைச் சென்னை அப்போலோ குழந்தைகள் மருத்துவமனையில் சுமார் 18 மணி நேரம் அறுவை செய்து பிரித்தார்கள். சவூதியில் 1990 முதல் 60-க்கும் மேற்பட்ட ஜோடிகளைப் பிரித்திருக்கிறார்கள். அல்ஹம்து லில்லாஹ்!

ஆனால் எல்லாருக்கும் அது முடியாது. பாட்னாவில் தலை ஒட்டிய இரண்டு முஸ்லிம் சகோதரிகள். மூளையின் முக்கிய ரத்தக் குழாய் இருவருக்கும் பொது. சிறுநீரகங்கள் இரண்டும் ஒருவர் உடலில்தான். 2012-ல் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எய்ம்ஸ் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். ஆபத்தை அறிந்த பெற்றோர் அறுவை வேண்டாம் என்றார்கள். நீதிமன்றம் அதை ஏற்று, பீகார் அரசு மாதம் 5,000 ரூபாய் தர உத்தரவிட்டது. 2020 தேர்தலில் அந்தச் சகோதரிகள் தனித்தனியாக வாக்களித்தார்கள். உடல் ஒட்டியிருந்தாலும் உயிர் இரண்டு. பெயர் இரண்டு. அல்லாஹ்விடம் ஏடும் இரண்டு.

மூன்றாவது கேள்விதான் கனமானது. ஈரானைச் சேர்ந்த லாதன், லாலே பிஜானி சகோதரிகளுக்கும் தலை ஒட்டியிருந்தது. சட்டம் படித்தவர்கள். ஆபத்தைத் தெரிந்தே சம்மதித்து, 2003 ஜூலையில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார்கள். 50 மணி நேரத்துக்கும் மேல் அறுவை நடந்தது. பிரித்தபின் ரத்த இழப்பால் இருவரும் 29 வயதில் மவுத்தானார்கள். இது கொலையா? இல்லை. காப்பாற்றும் நிய்யத்தில், அறிந்தவர்கள், சம்மதம் பெற்றுச் செய்த முயற்சி அது. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபியவர்கள். முடிவு அல்லாஹ்வின் கையில்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இருவருக்கும் ஒரே இதயம், ஒருவரை இழந்தால்தான் மற்றவர் பிழைப்பார் என்ற நிலை வந்தால், அதை மிம்பரிலிருந்து ஒரு வரியில் முடிக்க முடியாது. அந்தக் குழந்தைகளின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, மருத்துவர்களும் ஆலிம்களும் பெற்றோருடன் உட்கார வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது என்றால் இதுதான்.

அந்தத் தகப்பனுக்கு நம் கடமை என்ன? பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். "அதிசயக் குழந்தை" என்று வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். சென்னைக்குப் போக வண்டி பிடித்துக் கொடுங்கள். காப்பீட்டு அட்டைக்கு அலைய ஒரு வாலிபரைக் கூட அனுப்புங்கள். பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள். பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும், அவர் எடுத்த முடிவை டீக்கடையில் விசாரணை செய்யாதீர்கள்.

யா அல்லாஹ்! சோதிக்கப்பட்ட பெற்றோருக்குப் பொறுமையைக் கொடு. மருத்துவர்களின் கைகளில் ஷிஃபாவை வை. எங்கள் நாவுகளைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.