பரிணாமமும் அருகன் அறமும்



1859ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூல், உயிரினங்கள் நெடுங்காலப் போக்கில் இயற்கைத் தேர்வினால் மாறிவந்தன என்றது. கடவுள் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே படைத்தார் என நம்பிய கிறித்தவ நாடுகளில் பெரும் பூசல் எழுந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மனிதன் விலங்கினின்று வந்தான் எனக் கற்பித்தல் 1925இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டது. அச்சட்டம் நீங்கியது 1967இல்தான். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோளன்று என ஏற்றுரைத்தார்.

நமக்கு அப்பூசல் இல்லை. உலகம் அநாதி, அதனைப் படைத்தவன் இல்லை என்பதே நம் ஆகமத் துணிபு. ஆயினும், ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை வகுத்த நம் முன்னோர் டார்வினுக்கு முன்பே இதனைக் கண்டனர் எனப் பெருமை பேசுதல் தகாது. டார்வின் உரைப்பது தலைமுறைதோறும் உடல் மாறும் முறை. ஆகமம் உரைப்பது வினைக்கேற்ப ஓருயிர் நாற்கதியிலும் பிறந்துழலும் முறை. இதில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. மனிதனும் எறும்பாகப் பிறக்கக் கூடும்.

பள்ளியில் பரிணாமம் பயின்ற நம் பிள்ளைகள் நம்மிடம் வினவுவர். அவர்களைத் தடுக்கவும் வேண்டா. பொய்ப்பெருமை ஊட்டவும் வேண்டா. உடலின் வரலாற்றை ஆய்வாளரிடம் கற்கட்டும்; உயிரின் கடமையை அறநூல்களில் கற்கட்டும். எவ்வுயிரும் உறவெனின், கொல்லாமை நோன்பு நமக்கு மேலும் கடமையாகுமே அன்றிக் குறையாது.

அறம் வளர்க!